போக மட்டும் பத்தொன்பது லீற்றர்

பெற்றோல் கிடைக்காமற்போன வருடத்தின் ஐந்தாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மட்டக்களப்பு முதன்முதலாக நாலு கிலோமீற்றர் தள்ளிப்போனது. அதைக் கண்டுபிடித்தவர் கருவாட்டு லொறி ஓட்டும் ஹனிபா நானா. முப்பது வருடமாக மன்னார்க் கரையிலிருந்து அங்கே கருவாடு ஏற்றிப் போய்வருகிறவர், எந்த வளைவில் எந்த நாய் குரைக்கும் என்று தெரிந்தவர். வழக்கமாகத் தேத்தண்ணிக்கு நிறுத்தும் கடைக்கும் அடுத்த பாலத்துக்கும் நடுவே அதுவரை இல்லாத நாலு கிலோமீற்றர் காடு கிடந்ததையும், அந்தக் காட்டோரம் இலக்கம் எழுதாத நாலு வெள்ளைக் கற்கள் நட்டிருந்ததையும், அங்கே ஒரு நாயும் குரைக்காததையும் கவனித்து, திரும்பி வந்து, கீரிமுனைப் பெற்றோல் செட் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார். யாரும் வியக்கவில்லை. அந்த வருடம் பால்மா எட்டாத இடத்துக்குப் போயிருந்தது, காஸ் சிலிண்டர் போயிருந்தது, காய்ச்சல் குளிசை போயிருந்தது. ஊர் மட்டும் ஏன் நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்று வரிசையில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு ஓரடி முன்னே நகர்ந்தார்கள்.

தனிஸ்லாஸ் மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவருடைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லு அவர் குதிக்காலில் முட்டியது.

"எந்தப் பக்கம் நானா தள்ளிப்போயிருக்கு?" என்று கேட்டார்.

"ஊர் எந்தப் பக்கம் தள்ளிப்போகும் தம்பி? நம்மளத் தேடியா வரும்? அங்காலதான் போகும்," என்றார் ஹனிபா நானா. "உனக்கு அங்க என்ன அலுவல்?"

"அக்கா இருக்கிறா."

"ஒம்பது வருசமா இல்லாத அக்காவா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தனிஸ்லாஸ் மோட்டார் சைக்கிளை ஓரடி முன்னே தள்ளினார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஐஸ் கொம்பனியில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் நொறுக்கிப் போடுகிற வேலை. அதனால் அவருடைய கை சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் அந்தக் கை பட்டு ஜெசிந்தா திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள், இப்போது திடுக்கிடுவதில்லை. பிள்ளைகள் இல்லை. ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது, லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடும். ஒரே கூடப்பிறந்தவள் மதலேனா, மட்டக்களப்பில் வாவிக்கரையோரம், செத்துப்போன புருசனின் தம்பி வீட்டில் இருந்தாள். ஒன்பது வருடம் அவரோடு பேசாதிருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் போன் எடுத்தாள்.

"தனிசு, நான்தான். எனக்கு இனிக் கனநாள் இல்லையாம். ஒருக்கா வந்திட்டுப் போ. அமலனைப் பற்றி உன்னோட ஒண்டு கதைக்க வேணும். போனில வேண்டாம். முகத்தைப் பாத்துத்தான் கதைக்க வேணும்."

அது என்ன கதை என்று தனக்குத் தெரியும் என்று தனிஸ்லாஸ் நினைத்தார்.

போர் முடிந்த வருடத்தின் சித்திரை மாதம், வன்னியின் கடைசிக் கடற்கரையில், மூன்று குடும்பங்கள் பதுங்கியிருந்த ஒரு பங்கருக்குள் மதலேனா சேலையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். வாசலில் தனிஸ்லாஸ் குந்தியிருந்தார். அவளுடைய ஒரே மகன் அமலன், பத்தொன்பது வயது, கஞ்சி கொடுக்கும் இடத்துக்குப் போவதற்காகக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே வந்தான். "மாமா, நான் போறன்," என்றான். பிறகு அவனும் வரவில்லை, கேத்திலும் வரவில்லை.

அவர்களுடைய மன்னார்க் கரையில் 'போறன்' என்று யாரும் சொல்வதில்லை. கடலுக்குப் போகிறவனும் கடைக்குப் போகிறவளும் ஐந்து நிமிடத்துக்கு வேலிக்கு அங்கால் போகிறவனும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது மட்டும் ஒன்றுமே சொல்லாமல் வேலிப் படலையைத் தாண்டுவார்கள். அது சொல் மட்டுமல்ல, நடப்பும் அப்படித்தான். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் போகவும் வரவும் சேர்த்துத்தான் ஊற்றுவார்கள், போக மட்டும் எண்ணெயோடு புறப்படுகிறவனை வள்ளத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். பையன் அவசரத்தில் சொன்னானோ, பசியில் சொன்னானோ. அன்று பின்னேரம் மதலேனா எழுந்து, "பிள்ளை என்ன சொல்லிப்போட்டுப் போனவன்?" என்று கேட்டபோது, "போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன் அக்கா," என்றார் தனிஸ்லாஸ்.

அந்த ஒரு பொய்யில் அவள் குடியிருந்தாள். முகாமில் விசாரிக்க வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும், "வாறன் எண்டு சொன்ன பிள்ளை ஐயா," என்றாள். அப்படியானால் ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒருத்தரும் போகாத இடம் தள்ளிப்போகும் ஐயா, அவன் நிக்கிற இடம் தள்ளிப்போகுது, நீங்கள் ஒருத்தரும் போகாதபடியால்தான்," என்றாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. வேறு ஒரு தாளில், மனநல மருத்துவருக்கு என்று எழுதினார். நாலு வருடம் கழித்து, காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறோம் என்று அதிகாரிகள் வந்தபோது, பையன் சொன்ன சொல்லைத் தான் ஒருவரே அறிந்தவர் என்பதால், இனி அவன் வரமாட்டான் என்பதையும் தான் ஒருவரே அறிந்தவர் என்று எண்ணி, தாய்மாமன் என்ற இடத்தில் தனிஸ்லாஸ் கையெழுத்து வைத்தார். மதலேனா அந்தத் தாளை மடித்து அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள்.

இப்போது கூப்பிடுகிறாள். அமலன் உண்மையில் என்ன சொன்னான் என்று கேட்கப்போகிறாள், அந்த முகத்தைப் பார்த்து இரண்டாம் தடவை பொய் சொல்ல முடியாது. போகவேண்டும்.

போக இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். ஏழேகால் லீற்றர். வர ஏழேகால். பதினாலரை லீற்றர் சேர்ந்ததும் புறப்படுவதாகத் தனிஸ்லாஸ் திட்டம் போட்டார். அன்றிலிருந்து ஐஸ் கொம்பனிக்கு நடந்தே போனார். செட்டில் கிடைப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சி சோடாப் போத்தல்களில் நிரப்பி, முருங்கை மரத்தடி மணலில் கழுத்தளவுக்குப் புதைத்தார். அடுப்படிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு சிலுவை போட்டார்.

"சாமியார் இதில பெருநாள் குறிச்சுத் தந்தவர்," என்றாள் ஜெசிந்தா. "நீங்கள் பெற்றோலுக்குச் சிலுவை போடுறியள்."

"பதினாலரைக்கு வந்திட்டா நிப்பாட்டிப்போடுவன்."

ஆடி முடிவில் பதினாலரை வந்தது. அதற்குள் மட்டக்களப்பு முந்நூற்று எண்பதுக்குப் போய்விட்டிருந்தது. பத்தொன்பது லீற்றர் வேண்டும்.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. செட்டில் பம்ப் அடிக்கிற குரூஸ், 'பெற்றோல் இல்லை' என்று எழுதுகிற கரும்பலகையில் மிச்சம் கிடந்த இடத்தில், லொறிக்காரர்களை விசாரித்து, ஒவ்வொரு காலையும் தூரங்களை எழுதத் தொடங்கினான். இன்று மட்டக்களப்பு 391. இன்று திருகோணமலை 340. இன்று ஹற்றன் தெரியாது. பெற்றோல் இல்லை என்று தெரிந்தும் சனம் அந்தப் பலகையைப் பார்க்க வந்தது. அங்கங்கே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் இலக்கத்தைப் பார்த்துவிட்டு திரும்பினார்கள். மாதா கோயில் இருக்கிற மடு மட்டும் அசையவில்லை, ஆவணித் திருவிழாவுக்குச் சனம் வண்டியில்லாமல் நடந்தே போனபடியால். கொழும்பும் அசையவில்லை. "பெரியாக்களுக்கு எப்பவும் பெற்றோல் இருக்குது, அந்த ரோட்டில ஓட்டம் நிக்காது," என்றான் குரூஸ். தூரங்களில் மாற்றமில்லை, பிரயாணம் செய்வோருக்கு மட்டும் கூடுதலாகத் தோன்றலாம் என்று ஓர் அதிகாரி அறிக்கை விட்டார், பத்திரிகைகள் அதைப் பெட்டி கட்டிப் போட்டன, அந்தப் பத்திரிகை கீரிமுனைக்கு நாலு நாள் பிந்தி வந்தது.

அதைவிடப் பழக வேண்டியிருந்தது போனுக்கு. ஊர் தள்ளிப்போகப் போகக் குரலும் நடந்து வரவேண்டியிருந்தது. முதலில் ஒரு மூச்சு அளவுதான் பிந்தியது. மறுபக்கம் கோபமாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பலர் கோபித்துக்கொண்டார்கள். பிறகு தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் எடுத்தது. கீரிமுனையில் ஒரு கல்யாணப் பேச்சு, மாப்பிள்ளை பிடிச்சிருக்கா என்று கேட்டதற்குப் பெண் சொன்ன 'ஓம்' வந்துசேர அரைமணி பிந்தியதால், இத்தனை யோசிக்கிற பெண் வேண்டாம் என்று குழம்பியது. புரட்டாதியில் காலையில் கேட்டதற்கு மாலையில் பதில் வந்தது. சனம் கடிதம் எழுதுகிறமாதிரிப் பேசப் பழகியது: சுகம், மழை, விலைவாசி, யார் செத்தது எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போனை அந்தோனியார் படத்தடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பதில் வருகிறபோது அது தானாக மணி அடித்துச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. புருசன் தூரத்தில் வேலை செய்கிற பெண்கள் இதைக் குறை என்று சொல்லவில்லை. காலையில் வயிறாரத் திட்டிவிட்டு, அவர்கள் திருப்பித் திட்டுவது வந்துசேரும்போது கோபம் ஆறி, கோழிக்குத் தீன் போட்டபடியே சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அவசரச் செய்திக்கு மட்டும் எங்கேயாவது பெற்றோல் பிரட்டி ஆள் அனுப்பினார்கள். வவுனியாவுக்கு அங்காலிருந்து பேரப்பிள்ளை பிறந்த செய்தியோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், கை கழுவிச் சோறு தின்று முடித்து ஏப்பம் விட்டபோதுதான் போனும் மணி அடித்து அதே செய்தியைச் சொல்லியது.

தனிஸ்லாஸ் கிழமைக்கொருமுறை அக்காவோடு பேசினார். எப்போதும் ஒரே பேச்சு.

"அக்கா, பதினேழு லீற்றர் சேர்ந்திட்டுது. போக வரக் காணாது. கொஞ்சம் பொறு."

பதில் அடுத்த நாள் வரும். "நான் பொறுக்கிறன் தனிசு. எனக்குப் பொறுக்கத் தெரியாதா."

புரட்டாதி நடுவில் அவர் கையில் பதினேழு. ஊர் ஐந்நூற்றிருபது, வேண்டியது இருபத்தாறு. செட்டில் மூன்று கிழமை பெற்றோல் வரவில்லை, மணலில் புதைத்த போத்தல்களில் வெயிலுக்கு விரற்கடை குறைந்தது. ஒருநாள் ஹனிபா நானா, லொறியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு அதன் நிழலில் பாய் போட்டு இருந்தவர், அவரைக் கூப்பிட்டார்.

"உன்ட வீட்டு முருங்கையடியில எத்தினை போத்தல் தம்பி?"

தனிஸ்லாஸ் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்.

"சொல்லாத. என்ட வீட்டிலயும் இருக்கு. குரூஸ்ட வீட்டில இருக்கு, சாமியார்ட அறையில இருக்கு. இந்த ஊர் மண்ணுக்குள்ள உள்ள பெற்றோலுக்கு ஒரு பீடிய எறிஞ்சா கடலே பத்தும். எல்லாரும் போறதுக்குத்தான் சேர்க்கிறம். சேர்க்கிற வரைக்கும் ஒருத்தனும் போறதில்ல. ஒருத்தனும் போகாததால அது போகுது."

"அப்ப போக மட்டும் இருக்கிறதோட வெளிக்கிடட்டோ?"

ஹனிபா நானா எழுந்து பாயை உதறினார். "அது நான் சொல்ல மாட்டன் தம்பி," என்றார். "அப்படி ஒரு மனிசனை அனுப்பின பாவம் எனக்கு வேணாம்."

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பலகையில் மட்டக்களப்பு 760. குரல் போய்ச்சேர அப்போது மூன்று நாள். தனிஸ்லாசிடம் பத்தொன்பது லீற்றர். அந்தோனியார் படத்தடியில் போன் அடித்தது. அக்காவின் கொழுந்தனுடைய மகள் டிலானி, வெள்ளிக்கிழமை சொன்னது: "மாமா, பெரியம்மா இப்ப சாப்பாடு எடுக்கிறா இல்லை. உங்கட மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குது எண்டு ஒவ்வொரு நாளும் என்னைப் படலையடிக்கு அனுப்புறா."

அவர் கலண்டரைப் பார்த்தார். போக வர முப்பத்தெட்டு லீற்றர் வேண்டும். பாதி இருந்தது. அவள் கேட்காமலே செத்துப்போவாள், தான் சொல்லாமலே இருக்கப்போகிறார் என்ற பயம் குளிரைப்போலக் கைவழியாக ஏறியது. அப்போது அவர் அந்தப் பிழையைச் செய்தார். போனை எடுத்துச் சொல்லிவிட்டார்.

"அக்கா, அமலன் போகேக்க போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. போறன் எண்டுதான் சொன்னவன். நான் உனக்குப் பொய் சொன்னனான்."

முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா கத்தியோடு எழுந்து வந்தாள். "இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"சொல்லிப்போட்டன்."

"போனிலயோ?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "போனில வேண்டாம் எண்டு அந்த மனுசி சொன்னதல்லோ? இஞ்சாருங்கோ, அது வியாழக்கிழமை காலமை போய் அவவின்ர காதுக்குள்ள விழப்போகுது. படுத்த படுக்கையில. பக்கத்தில ஆர் இருக்கப்போகினம்?"

தனிஸ்லாஸ் மறுபடி போனை எடுத்து, "அக்கா, அதைக் கேக்காதை," என்றார்.

"நல்லாயிருக்கு," என்றாள் ஜெசிந்தா. "முன்னால போனது போய்ச் சேந்த பிறகுதானே பின்னால போறது போகும்."

அவர் முருங்கையடிக்குப் போனார். போத்தல்களை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்து, டாங்கியை நிரப்பி, மிச்சத்தைக் கானில் ஊற்றிப் பின்னால் கட்டினார். ஜெசிந்தா தடுக்கவில்லை, ஒரு துவாயும் சாரமும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். சொல்லை முந்த வேண்டும். அக்காவின் காதில் அது விழும்போது அவளுடைய கை தன்னுடைய கைக்குள் இருக்கவேண்டும். அவ்வளவுதான் திட்டம், ஆறு மாதமாகப் போட்டதில் அதுதான் மிகச் சின்னது.

படலையடியில் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பினார். வழக்கமாகச் சொல்லும் சொல் வாய்வரை வந்தது. வரப் பெற்றோல் இல்லை. இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"ஜெசிந்தா, நான் போறன்."

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றாள். "மோட்டார் சைக்கிள் சத்தம். போங்கோ."

திங்கள் முழுதும் ஓடினார். மதவாச்சி வரை ரோட்டு அதிகம் மாறியிருக்கவில்லை. அதற்கப்பால் புதுக்காடு தொடங்கியது: ஒரே உயரமுள்ள மரங்கள், பெயரில்லாத குளங்கள், கூடு கட்டாத பறவைகள், கிலோமீற்றருக்கு ஒன்றாக இலக்கமில்லாத வெள்ளைக் கற்கள். மனிதர் யாரும் இன்னும் வந்து துக்கப்படாத காடு, அதனால் அது அமைதியாக இருந்தது. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. சத்தமில்லாத அந்த இடத்தில், தன்னுடைய வசனம் தனக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ அதே ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதை எங்கே முந்தினோம் என்று மட்டும் தெரியவில்லை. முந்தும்போது தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவேண்டும் என்று பிறகு ஜெசிந்தாவுக்குச் சொன்னார்.

செவ்வாய் மதியம், டாங்கிக்கு ஊற்றுவதற்காக ஒரு வெள்ளைக் கல்லடியில் நிறுத்தினார். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மதலேனாவின் குரல், வழியில் அவரைக் கண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை சொன்னது.

"தனிசு, நீ பெற்றோல் சேர்த்தது காணும். சேர்த்துச் சேர்த்து ஒரு கடலளவு வைச்சிருப்பாய், என்னட்ட வரமாட்டாய். அதால போனிலயே சொல்லுறன். அண்டைக்குப் பங்கருக்குள்ள நான் நித்திரை இல்லை. முகத்தை மூடினபடி முழிச்சுத்தான் கிடந்தனான். அவன் போறன் எண்டு சொன்னது எனக்கும் கேட்டது."

கான் ஒரு பக்கம் சரிந்தது. பெற்றோல் கொஞ்சம் மண்ணில் வடிந்தது.

"எழும்பி, அப்படிச் சொல்லாதை பிள்ளை எண்டு சொல்லியிருக்கலாம். எழும்பினா என்னையும் கஞ்சிக்கு வா எண்டு கூப்பிடுவான் எண்டு கிடந்தனான். எனக்கு வெளியில வரப் பயமாயிருந்தது தனிசு. பிறகு நீ போட்டு வாறன் எண்டு சொன்னவன் எண்டாய். நானும் ஓம் எண்டன். உன்ர பொய் எனக்கு நல்ல உதவியாயிருந்தது. நீ கையெழுத்து வைச்ச அண்டைக்குத்தான், இனி அந்தப் பொய்யில நான் தனிய இருக்கவேணும் எண்டு கோவம் வந்தது."

குரல் நின்று மூச்சு வாங்கியது. அந்த மூச்சும் இரண்டு நாள் நடந்து வந்திருந்தது.

"வாறன் எண்டு சொல்லாதவன் வரமாட்டான். நாங்கள்தான் போகவேணும். ஒருத்தரும் போகாட்டி அவன் நிக்கிற இடம் இன்னும் தள்ளிப்போகும். உயிரோட நிக்கிறானோ இல்லையோ, நிக்கிற இடம் எண்டு ஒண்டு இருக்கும்தானே. எனக்குக் கால் ஏலாது. நீ போவியோ? இதுதான் கதை. வைக்கிறன்."

அந்தக் குரலோடு போனில் சார்ஜ் முடிந்தது. தனிஸ்லாஸ் அந்தக் கல்லில் குந்தினார். அழுதாரா என்றால், அழுதார். ஆனால் எழும்பும்போது அவர் முகம் கலியாண வீட்டுக்குப் போகிறவருடைய முகமாயிருந்தது. இனி முந்தவேண்டிய அவசரமில்லை. அவளுக்குத் தெரிந்ததைத்தான் அவருடைய வசனம் அவளுக்குச் சொல்லப்போகிறது. ஆனாலும் வேகமாகத்தான் ஓடினார், ஓம் போவன் அக்கா என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காக.

புதன் பின்னேரம், வாவி தெரிகிற இடத்தில் டாங்கி காய்ந்தது. மிச்சம் ஒரு கிலோமீற்றர். தள்ளிக்கொண்டு போனார். அக்கா வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

மதலேனா செவ்வாய் மதியம் செத்திருந்தாள். டிலானி அவரைக் கட்டிக்கொண்டு, "உடனயே உங்களுக்குப் போன் எடுத்தனான் மாமா," என்றாள். "வரும் பிள்ளை, அது வந்துகொண்டிருக்கும்," என்றார் அவர். பெட்டிக்குள் அக்கா ஒன்பது வருடத்தில் பாதியாகச் சுருங்கியிருந்தாள். அவளுடைய கையைப் பிடித்தார். முதல் தடவையாகத் தன்னுடையதைவிடக் குளிர்ந்த ஒரு கையைப் பிடித்தார்.

வியாழன் காலை, சாமியார் வந்து செபம் தொடங்க இருந்த நேரம், அலுமாரிக்கு மேலிருந்த மதலேனாவின் போன் மணி அடித்தது. அணைக்கப்போன டிலானியை, "விடு பிள்ளை, சொல்லி முடிக்கட்டும்," என்று தடுத்தார் தனிஸ்லாஸ்.

"அக்கா, அமலன் போகேக்க போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை," என்றது அவருடைய குரல், மூன்று நாள் புழுதியோடு. "போறன் எண்டுதான் சொன்னவன். நான் உனக்குப் பொய் சொன்னனான்."

வீடு நிறைந்த சனம் பெட்டியைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. அந்த வருடம் எல்லா வீட்டிலும் ஏதாவது பிந்தித்தான் வந்தது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி மணி அடித்தது.

"அக்கா, அதைக் கேக்காதை."

அவள் கேட்கவில்லை. சாமியார் செபத்தைத் தொடங்கினார்.

அடக்கம் முடிந்து, செத்த வீட்டு வழக்கப்படி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தனிஸ்லாஸ் படலையைத் தாண்டினார். வெறும் டாங்கியோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். சனம் கண்ட இடத்தில் சோறு கொடுத்தது, காணாத இடத்தில் பட்டினி. அவர் நடக்க நடக்க, இலக்கமில்லாத கற்கள் குறைந்தன. காலையில் எண்ணி வைத்தது மாலையில் திரும்பிப் பார்த்தால் இருக்கவில்லை. கீரிமுனைக்கு வந்துசேரப் பதினெட்டு நாள் எடுத்தது. குரூஸின் பலகையில் அன்று மட்டக்களப்பு 302. ஜெசிந்தா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், வாளியிலிருந்த தண்ணீரைக் கால் கழுவக் காட்டினாள், பிறகு எழுந்து அடுப்படிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு பெற்றோல் வந்தது. ஊர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பின, போனில் கேட்டதற்கு உடனே பதில் வந்தது, பெண்கள் அதைச் சலித்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள்.

தனிஸ்லாஸ் இப்போதும் ஐஸ் கொம்பனிக்கு நடந்துதான் போகிறார். நாலு லீற்றரையும் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறார். சனி காலையில் படலையடியில், "போட்டு வாறன்," என்று ஜெசிந்தாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வன்னிப் பக்கமாக, அந்தக் கடைசிக் கடற்கரைக்குப் போகும் ரோட்டில் திரும்புகிறார். வரைபடத்தில் அது அதிக தூரமில்லை. ஆனால் பதின்மூன்று வருடமாக அந்த இடத்தைத் தேடி யாரும் போகவில்லை. இரண்டு லீற்றரில் எண்பது கிலோமீற்றர் போகலாம். எண்பதாவது கிலோமீற்றரில், வழியில் எண்ணிக்கொண்டே வந்த இலக்கமில்லாத கற்களில் ஒன்றினடியில் நிறுத்தி, முன்னால் நீண்டு கிடக்கிற ரோட்டைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, மிச்ச இரண்டு லீற்றரில் திரும்பி வருகிறார்.

சென்ற சனி வந்து செட்டடியில் நின்றபோது குரூஸ் சோக்கட்டியோடு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மற்ற ஊர்கள் எல்லாம் அசையாமல் நின்றதால் இப்போது அவனுக்கு எழுத ஒன்றுமில்லை.

"அண்ணை, நீங்கள் போற இடத்தையும் எழுதிவிடட்டோ?" என்று கேட்டான். "என்ன பேர் எண்டு போடுறது?"

"அமலன் எண்டு போடு."

குரூஸ் எழுதினான். "எத்தினை கிலோமீற்றர்?"

தனிஸ்லாஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தெரியாது தம்பி," என்றார். "போன கிழமையைவிட ஒரு கல் குறைவு."